எத்தனை யூனிட் ரத்தம் வேணும் மேடம்?

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் கையெழுத்து வாங்கப் போனால், குழந்தையின் அப்பா முதலில் கேட்பது இதைத்தான். ஊரிலிருந்து வேன் பிடித்து ரத்தம் கொடுக்க ஆள் வரவேண்டும். நாலு பேரா, பத்துப் பேரா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். குழந்தைகளின் இதய அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. இருபது வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். முதல் ஐந்து வருஷம் சொன்னதெல்லாம் குத்துமதிப்புதான்.

எங்கள் அரங்குக்குப் புதிதாக வரும் இளம் டாக்டர்களுக்கும் ஐசியூ சிஸ்டர்களுக்கும் எந்தக் குழந்தைக்கு எவ்வளவு ரத்தம் கசியும் என்று முன்கூட்டியே கணிப்பதைப் பற்றி வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததை இங்கே எழுதிவைக்கிறேன். இதில் வரும் வரம்பு எண்கள் எங்கள் யூனிட்டில் நாங்கள் பழகியவை. உங்கள் இடத்தில் உங்கள் புரோட்டோகால்தான் சட்டம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு குழந்தை, பிறந்து பதினோரு நாள், எடை 2.9 கிலோ. கிலோவுக்கு 85 மி.லி. என்று வைத்தால் உடம்பில் மொத்த ரத்தமே 245 மி.லி. ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரலின் வேலையைப் பார்க்கும் பைபாஸ் மெஷினின் குழாய்களை நிரப்ப, அதை ஓட்டும் எங்கள் பெர்ஃப்யூஷனிஸ்ட் அண்ணன் ஊற்றுவது 300 மி.லி. அதாவது பம்ப் ஓடத் தொடங்கிய நிமிஷத்திலேயே குழந்தையின் சொந்த ரத்தம் பாதிக்கும் கீழே நீர்த்துவிட்டது. பிளேட்லெட் 2,40,000 இருந்தால் வெறும் கலப்பிலேயே ஏறக்குறைய 1,08,000க்கு இறங்கிவிடும். அதற்கு மேல் குழாய்களின் பிளாஸ்டிக்கில் ஒட்டுவது, குளிர்விப்பது, பம்ப் அடிப்பது என்று மிச்சமும் தேயும். எழுபது கிலோ ஆளின் ஐந்து லிட்டரில் ஒன்றரை லிட்டர் கலப்பதும் இதுவும் ஒன்றல்ல. பெரியவர்களுக்கு எழுதிய வரம்புகளைப் பச்சைக் குழந்தைக்கு அப்படியே எடுத்து வைக்காதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

ஆகவே எடை, வயது, பம்பில் ஓடும் நேரம், எவ்வளவு குளிர்விக்கப் போகிறார்கள், ஏற்கெனவே ஒருமுறை மார்பைத் திறந்த குழந்தையா, உடம்பு நீலம் பாரித்ததா, எத்தனை தையல் வரிசை – ரத்தச் சோதனை எதுவும் எடுக்காமலே இவை பாதிப் பதிலைச் சொல்லிவிடும். சோதனை மீதிப் பாதிக்குத்தான்.

முந்தின நாள்

லேப் ரிப்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிந்ததா? தடுப்பூசி போட்ட இடம் கன்னிப்போய் வீங்கியதா? ஆஸ்பிரின் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? சொந்தத்தில் கட்டியிருக்கிறீர்களா, தாய்மாமனா, அத்தை மகனா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். பதின்மூன்றாம் உறைவுக் காரணிக் குறைபாடு, பிளேட்லெட் ஒட்டிக்கொள்ளாத கிளான்ஸ்மான் நோய் போன்றவை சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் அதிகம் தலைகாட்டும். இந்த இரண்டிலுமே ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் பிடி, ஏபிடிடி சோதனைகள் இரண்டும் ஒழுங்காக வந்து உங்களை ஏமாற்றும்.

ஏமாற்றுவது அந்தப் பக்கம் மட்டுமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடம்பை நீலமாக்கும் ஃபேலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் கோளாறு உள்ள மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருக்கும். பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம், 66. ஏபிடிடி 78 விநாடி வந்தது. பயந்துபோய் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, பிளாஸ்மா போட்டேன். மறுநாள் மறுபடி எடுத்தோம், எண் அசையவில்லை. அன்று ராத்திரி வார்டில் பையன் அழுது அழுது நீலமாகிப்போய், எல்லோரும் ஓடினோம். மூன்றாம் நாள் லேபிலிருந்து டெக்னீஷியன் அக்கா போன் போட்டார்: “டாக்டர், இந்தப் பிள்ளைக்கு சிட்ரேட்டைக் குறைச்சு எடுத்தீங்களா?” நான் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. குறைத்து எடுத்தோம். 36 விநாடி. பையனின் ரத்தத்தில் கோளாறே இல்லை. கோளாறு என் டியூபில்.

விஷயம் இதுதான். நீல மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்க ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற அளவு, சாதாரணப் பிசிவிக்காகப் போட்டது. நீலம் பாரித்த குழந்தையின் ரத்தம் கெட்டி, பிளாஸ்மா குறைச்சல். அந்தக் கொஞ்சப் பிளாஸ்மாவில் சிட்ரேட் மிஞ்சிப்போய், சோதனைக்காக லேபில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறைய நேரமாகும். பிசிவி 55ஐத் தாண்டினால் இப்படிக் கணக்குப் போடுங்கள்: 0.00185ஐ, நூறில் பிசிவி போன மிச்சத்தால் பெருக்கி, எடுக்கப்போகும் ரத்தத்தின் மி.லி. அளவால் பெருக்குங்கள். இந்தப் பையனுக்கு 0.00185 × 34 × 1.8, அதாவது 0.11 மி.லி. டியூபில் இருப்பது 0.2. ஒரு மி.லி. சிரிஞ்சால் 0.09ஐ உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டு, 1.8 மி.லி. ரத்தத்தை அளந்து விடுங்கள். மூடியைத் திறந்ததும் வாக்குவம் போய்விடும், தானாக நிரம்பும் என்று காத்திருக்காதீர்கள். டியூபின் மேல் மாற்றிய அளவை எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் லேபில் ‘அளவு குறைவு’ என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள், அவர்கள் செய்வது சரியும்கூட.

கோடு நிரம்பாத டியூபும் இதே பொய்யைத்தான் சொல்லும். உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து ஓடும் ஆர்ட்டீரியல் லைனில் (தமனிக் குழாயில்) முதல் ரத்தத்தையே சோதனைக்கு அனுப்பினாலும் அப்படித்தான். முதலில் வருவதைத் தனி சிரிஞ்சில் சுத்தமாக எடுத்துவைத்து, சாம்பிள் எடுத்த பிறகு குழந்தைக்கே திருப்பிக் கொடுங்கள். மூன்று கிலோ குழந்தையிடம் வீணாக்க ரத்தம் கிடையாது.

பச்சைக் குழந்தையின் பிடி கொஞ்சம் நீண்டு வந்தால் உடனே பிளாஸ்மாவுக்கு எழுதாதீர்கள். வைட்டமின் கே சார்ந்த உறைவுக் காரணிகள் பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களில் பாதி அளவுதான் இருக்கும். உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பினும் புரோட்டீன் சியும் அதேபோலக் குறைவு. தராசின் இரண்டு தட்டும் லேசாக இருக்கிறது, முள் நடுவில்தான் நிற்கிறது. நீங்கள் ஒரு தட்டில் மட்டும் அள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

பம்ப் ஓடும்போது

கணிப்புக்கு உண்மையிலேயே உதவும் சாம்பிள் இதுதான், பலரும் எடுக்காமல் விடுவதும் இதுதான். குழந்தையைத் திரும்பச் சூடாக்கத் தொடங்கி, பம்பிலிருந்து இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது எடுங்கள். ஏன் அப்போது? உறைவுப் புரதம் செறிந்த கிரையோவையும் பிளாஸ்மாவையும் உறைநிலையிலிருந்து உருக்க ரத்த வங்கிக்கு இருபது, முப்பது நிமிஷம் வேண்டும். உருக்கிய கிரையோவைத் திரும்ப வைக்க முடியாது, சில மணி நேரத்தில் போட்டாக வேண்டும். ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமைன் கொடுத்து, கசிகிறது என்று தெரிந்த பிறகு போன் போட்டால், அந்த அரை மணியும் சர்ஜன் காஸ் துணியை வைத்து அழுத்திக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். ‘உருக்கச் சொல்லலாமா’ என்ற ஒரு கேள்விக்கு நேரத்தோடு பதில் கிடைத்தால் போதும். நான் கணிப்பு என்று சொல்வது அவ்வளவுதான்.

அப்போது பிடி, ஏபிடிடி எடுப்பது பணத்துக்குக் கேடு. ஹெப்பாரின் ததும்பும் ரத்தத்தில் அவை எதையும் சொல்லாது. வேண்டியது இரண்டு: பிளேட்லெட் எண்ணிக்கை, உறைகட்டியை வலையாகப் பின்னும் புரதமான ஃபைப்ரினோஜென். ரத்தம் உறைவதைப் படமாக வரையும் ரோட்டெம் மெஷின் இருந்தால் அதன் ஃபைப்டெம், எக்ஸ்டெம் சோதனைகள். இந்த இரண்டின் ரசாயனத்திலும் ஹெப்பாரினை அடக்கும் பொருள் இருப்பதால் பம்பின்போதும் படிக்கலாம். ரோட்டெம் இல்லாத இடமா? கவலை வேண்டாம். பிளேட்லெட் எண்ண ஊதா மூடி டியூபும் பத்து நிமிஷமும் போதும். ஃபைப்ரினோஜென் முடிவு எவ்வளவு ஹெப்பாரின் வரை நம்பகம் என்று உங்கள் லேபில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ரசாயனத்துக்கு ரசாயனம் மாறும்.

ரோட்டெமை எப்படிப் படிப்பது என்று கேட்டால் நான் தயிரைச் சொல்வேன். உறை ஊற்றிய பால் எப்போது உறையத் தொடங்குகிறது – அது சிடி. எவ்வளவு கெட்டியாகிறது – ஏ10, எம்சிஎஃப். கெட்டியான பிறகு நீர்விட்டுப் போகிறதா – எம்எல். திரையில் விரியும் அந்தப் படத்தின் மூலவடிவத்தை 1948இல் ஹைடல்பெர்க்கில் ஹெல்முட் ஹார்டெர்ட் போட்டுக் காட்டினார். கிண்ணம், நடுவில் ஒரு ஊசி, உறைய உறைய மாறும் இழுப்பு. இன்றைக்கும் அடிப்படை அதேதான். எக்ஸ்டெமில் பிளேட்லெட்டும் ஃபைப்ரினோஜெனும் சேர்ந்து கட்டும் கெட்டித்தனம் தெரியும். ஃபைப்டெமில் பிளேட்லெட்டை மருந்தால் முடக்கிவிடுவதால் ஃபைப்ரினோஜென் மட்டும் கட்டியது தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது குறைகிறது என்று புரிந்துவிடும். முழுப் படத்துக்காக ஒரு மணி நேரம் காக்க வேண்டியதில்லை. பத்தாவது நிமிஷத்து உயரமே, அதாவது ஏ10, கடைசி உயரத்தை ஏறக்குறையச் சொல்லிவிடும்.

அந்த 2.9 கிலோ குழந்தைக்கு வருவோம். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம்மாறிப் பிறந்தது. அவற்றை வெட்டி இடம்மாற்றித் தைக்கும் ஆர்ட்டீரியல் ஸ்விட்ச். 1975இல் பிரேசிலில் ஜாட்டேனே முதலில் வெற்றிகரமாகச் செய்த ஆபரேஷன். கொரோனரிகளைப் பொத்தான்போல் வெட்டியெடுத்து ஒட்டுவார்கள். மயிரிழை நூலில் தையல் வரிசைகள், பலவும் பெரிய அழுத்தத்தில் ஓடும் குழாய்களில். பம்ப் 168 நிமிஷம் ஓடியது. சூடாக்கும்போது எடுத்த சாம்பிளில் பிளேட்லெட் 78,000, ஃபைப்டெம் ஏ10 5 மி.மீ., எக்ஸ்டெம் ஏ10 31. எங்கள் வரம்பு ஃபைப்டெமுக்கு 8, எக்ஸ்டெமுக்கு 40, பிளேட்லெட்டுக்கு ஒரு லட்சம். மூன்றும் கீழே. ரத்த வங்கிக்குப் போன்: “ஒரு கிரையோ உருக்குங்க. பிளேட்லெட் ஒண்ணு அனுப்புங்க, ஃப்ரிட்ஜில வைக்காம கையோட.” ஃப்ரிட்ஜை ஏன் சொன்னேன் என்றால், வந்த பிளேட்லெட் பையை நல்லெண்ணத்தில் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உருக்கச் சொன்னேனே தவிர, ஊற்றவில்லை.

புரோட்டமைனுக்குப் பிறகு

திரையைப் பார்ப்பதற்கு முன் மார்புக்குழியைப் பாருங்கள். தலைமாட்டில் துணித் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். தையல் துளைகளிலிருந்தும் எலும்பு ஓரத்திலிருந்தும் எல்லா இடத்திலும் பரவலாகக் கசிந்து, வந்த ரத்தம் கட்டி கட்டாமல் தண்ணீராய்ச் சேர்ந்தால் அது உறைவுக் கோளாறு. மற்ற இடமெல்லாம் காய்ந்து, ஓரிடத்திலிருந்து மட்டும் சிவப்பாகக் கிளம்பினால் அது ஊசி நூலுக்கான வேலை.

கசிகிறது, ஹெப்பாரின் வேலையைப் பார்க்க அரங்கிலேயே எடுக்கும் உறைவு நேரமான ஏசிடியும் முழுதாகத் திரும்பவில்லை என்றால் எல்லோருக்கும் கை புரோட்டமைனுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். பிளேட்லெட் குறைந்தாலும், குளிர்ந்தாலும், ரத்தம் நீர்த்தாலும் ஏசிடி நீளும். ரோட்டெமில் இன்டெம், ஹெப்டெம் என்ற இரண்டு சோதனைகளின் சிடியை ஒப்பிடுங்கள். ஹெப்டெமில் ஹெப்பாரினைத் தின்றுவிடும் நொதி இருக்கிறது. இன்டெம் 290, ஹெப்டெம் 200 என்றால் ஹெப்பாரின் மிச்சம் இருக்கிறது, கொஞ்சம் புரோட்டமைன் கொடுக்கலாம். இன்டெம் 290, ஹெப்டெம் 280 என்றால் ஹெப்பாரின்மேல் பழி போடாதீர்கள். புரோட்டமைன் மிஞ்சினால் அதுவே உறைவதைக் கெடுக்கும்.

குழந்தைக்குக் கசிந்தது. கிலோவுக்கு 10 மி.லி. கணக்கில் 29 மி.லி. பிளேட்லெட், பிறகு அந்த ஒரு பை கிரையோ. ஒரு பை போதுமா என்று ஜூனியர் கேட்டார். போட்டுப் பாருங்கள்: பிளாஸ்மா ஏறக்குறைய 150 மி.லி. ஒரு பையில் குறைந்தது 150 மி.கி. ஃபைப்ரினோஜென் இருக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 100 மி.கி. ஏறிவிடும். பெரியவர்களுக்குப் பத்துப் பை எழுதிப் பழகிய கைக்கு இது நம்பச் சிரமம்தான். பத்து நிமிஷம் கழித்து ஃபைப்டெம் 10, எக்ஸ்டெம் 46. களம் காய்ந்தது. சர்ஜன் சார் ஒன்றும் சொல்லவில்லை, கம்பி கேட்டார். மார்பை மூடப் போகிறார் என்று அர்த்தம்.

அதே வாரம் எட்டுக் கிலோக் குழந்தைக்கு இதயத்தின் கீழறைச் சுவரில் ஓட்டை அடைத்தோம். பிளேட்லெட் 96,000, ஃபைப்டெம் 7. இரண்டும் வரம்புக்குக் கீழே. ஆனால் களம் வெயிலில் உலர்த்திய துணிபோல் இருந்தது. ஒரு சொட்டுகூடப் போடவில்லை. ஜூனியருக்கு மனசே ஆறவில்லை, “எண் கம்மியா இருக்கே மேடம்” என்று ஐசியூ வாசல் வரை வந்தார். அவருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நூறு குழந்தைகளில் இருபது பேருக்கு நிறைய ரத்தம் போகும் என்று வையுங்கள். நம் சோதனை அந்த இருபதில் பதினாறைப் பிடிக்கும். போகாத எண்பதில் இருபத்து நாலையும் தப்பாகப் பிடிக்கும். ஆக நாற்பது பேருக்குச் சிவப்புக் கொடி, நிஜமாகக் கசிவது பதினாறு பேருக்கு. கொடி விழாத அறுபதில் ஐம்பத்தாறு பேர் கசியவில்லை. ‘கசியாது’ என்று சோதனை சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ‘கசியும்’ என்று சொன்னால் பாதிக்கு மேல் பலிக்காது. எண்ணைப் பார்த்து ஊற்றினால் இருபத்து நாலு குழந்தைகளுக்குத் தேவையில்லாத பிளேட்லெட். நுரையீரலுக்கு ரத்தம் போகச் சின்னக் குழாய் வைத்த ஷன்ட் குழந்தையாக இருந்தால் இன்னும் ஆபத்து. அந்த மூன்றரை மி.மீ. குழாய் அடைத்தால் உயிர் போய்விடும்.

திரையில் தெரியாதவையும் இருக்கின்றன. மெஷின் ரத்தத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி, கால்சியத்தையும் சேர்த்துத்தான் உறையவைக்கிறது. குழந்தை 34 டிகிரியில் நடுங்கிக்கொண்டிருந்தாலும், அயனிக் கால்சியம் 0.8க்கு விழுந்திருந்தாலும் படம் அழகாக வரும். ஆஸ்பிரின் செய்த வேலையும் அதில் தெரியாது. குறுகிய வால்வில் ரத்தம் பீய்ச்சியடித்து, பிளேட்லெட்டை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்டு காரணி சிதைந்திருந்தாலும் தெரியாது. ஆகவே படம் நன்றாக இருந்தும் பரவலாகக் கசிந்தால் முதலில் உடல் சூடு, கால்சியம், பிஎச். பிறகு மருந்துச் சீட்டு.

ஐசியூவில்

சிஸ்டர்களே, மார்பிலிருந்து குழாய் வழியாக வடியும் டிரெயின் அளவை மி.லி.யில் மட்டும் எழுதாதீர்கள். கிலோவால் வகுத்து எழுதுங்கள். 2.9 கிலோக் குழந்தைக்கு 29 மி.லி. என்பது பாட்டிலின் அடியில் ஒரு மெல்லிய சிவப்புப் படலம். ஒரு டீ கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் உடம்பு ரத்தத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 10 மி.லி., அல்லது தொடர்ந்து மூன்று மணி நேரம் மணிக்குக் கிலோவுக்கு 5 மி.லி. தாண்டினால் ராத்திரி எத்தனை மணியானாலும் சர்ஜனை எழுப்புவோம். தூக்கத்தில் திட்டுவார், திட்டிக்கொண்டே வந்துவிடுவார்.

ஒருமுறை ஏழு கிலோக் குழந்தை, முதல் மணி நேரத்தில் 75 மி.லி. ரோட்டெம் நாலு சானலும் பாடப்புத்தகப் படம். “பிளேட்லெட் போட்டுப் பாருங்களேன்” என்றார் சர்ஜன். நான் படத்தை அவர் போனுக்கு அனுப்பினேன். பதினைந்து நிமிஷத்தில் வந்து திறந்தார். மார்பெலும்புக் கம்பி குத்திய இடத்தில் நூல்போல ஒரு தமனி பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஒரே தையல். இந்த மெஷினுக்குக் கொடுத்த காசு எனக்கு அன்றைக்குத்தான் செரித்தது.

நன்றாக வந்துகொண்டிருந்த டிரெயின் சட்டென்று நின்றால் சந்தோஷப்படாதீர்கள். குழாயில் கட்டி அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றிச் சேர்ந்துகொண்டிருக்கலாம். துடிப்பு ஏறுகிறதா, பிரஷர் இறங்குகிறதா, சிவிபி (பெருஞ்சிரை அழுத்தம்) ஏறுகிறதா, சிறுநீர் குறைகிறதா என்று பாருங்கள். எக்கோவைக் கூப்பிடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி: எடை, பிசிவி, பம்ப் நிமிஷம், சூடாக்கும்போது பிளேட்லெட், ஃபைப்டெம் ஏ10, களம் காய்ந்ததா கசிந்ததா, என்ன போட்டோம், இருபத்து நாலு மணி டிரெயின் கிலோவுக்கு எவ்வளவு. ஐம்பது வரி சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். எங்கள் ஃபைப்டெம் வரம்பு முதலில் 10 ஆக இருந்தது. 8, 9 வந்த குழந்தைகள் வரிசையாகக் காய்ந்தே போனதை அந்த நோட்டில் பார்த்துத்தான் 8க்கு இறக்கினோம்.

அந்த 2.9 கிலோக் குழந்தையின் அப்பாவுக்கு நான் சொன்னது: “நாலு பேர் போதும். வேனைத் திருப்பி அனுப்பாதீங்க, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நிக்கட்டும்.” ஆறு மணிக்கு நைட் டியூட்டி டாக்டரிடம் கொடுத்த சீட்டில் இருந்தது: ‘ஸ்விட்ச், 2.9. பிளேட்லெட் 29 மி.லி., கிரையோ 1. கடைசி ஃபைப்டெம் 10. சூடு 36.4, கால்சியம் 1.2. டிரெயின் முதல் மணி 9 மி.லி. (கிலோவுக்கு 3), இரண்டாம் மணி 5, மூன்றாம் மணி 4. குழாய் திறந்திருக்கிறது. எண் பார்த்து எதுவும் போட வேண்டாம். கசிந்தால் என்னைக் கூப்பிடு.’